முள் எழும்பாத சனிக்கிழமை

2017 டிசம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே, பூட்டிக் கிடந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி. வெளியே பனிமூட்டம். மழை பலமாக இல்லை. ஆனால் காலை ஆறரைக்குத் தொடங்கியது ஒரு நிமிடமும் விடவில்லை. மேலே தகரக் கூரை. அந்தக் கூரையின் சத்தத்தைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருப்பதால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அந்த நிமிடத்தில் ஒரு பித்தளை மணி அடித்தது. மேடையில் பாடிக்கொண்டிருந்தவருடைய மைக்கை நான் மூடினேன். மூடுவது என் வேலை.

நான் வேலை செய்த தனியார் தொலைக்காட்சியின் தமிழ்ப் பிரிவிலிருந்து போன மாதம் இரண்டு பேர் தொலைபேசியில் பேசினார்கள். நின்றுபோன திறமைப் போட்டியை மறுபடியும் தொடங்குகிறார்களாம். இந்தத் தடவை வாக்களிப்பதெல்லாம் கைப்பேசிச் செயலியில். கைதட்டலைக் கணினியே போட்டுக்கொள்ளும். "அங்கிள், பழைய கைதட்டல் முள்ளு ஒருநாள் எழும்பவே இல்லையாமே, உண்மையா?" என்று ஒருத்தி கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். தொலைபேசியில் சொல்ல முடியாத விஷயம். எழுதி அனுப்புகிறேன் என்றேன். முழங்கால் வலியோடு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வட்டகொடையில் இன்றைக்கும் மழை.

எங்கள் போட்டி ஒரு பிரித்தானிய நிகழ்ச்சியின் பிள்ளை. அந்த நிகழ்ச்சி அங்கே வானொலியில் பிறந்து, தொலைக்காட்சிக்கு மாறி, வருடக்கணக்காக ஓடி, நின்று, பத்து வருடம் போல் கழித்து வேறு ஆட்களோடு திரும்பி வந்தது. யார் வேண்டுமானாலும் மேடை ஏறலாம். பாடலாம், ஆடலாம், நாயைக் குரைக்க வைக்கலாம். அரங்கத்தில் இருப்பவர்கள் தட்டும் கைதட்டலுக்கு ஏற்ப ஒரு பெரிய முள் எழும்பும். ஆனால் அந்த முள் வெறும் அலங்காரம். உண்மையான தீர்ப்பு தபாலில் வந்தது. வீட்டில் இருந்து பார்த்தவர்கள் அட்டை எழுதிப் போட, சாக்குச் சாக்காக வந்து குவியும். வென்றவர் யார் என்று அடுத்த வாரம்தான் தெரியும். திரும்பி வந்த காலத்தில் தபால் போய்த் தொலைபேசி வந்தது. இன்றைக்கு அந்த நாட்டில் பொத்தானை அமுக்கும் நடுவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் பெனடிக்ட் சார். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிளாக்கரின் மகன். இளவயதில் லண்டன் போய் மின்சாரச் சாமான் கடையில் நின்றவர். ஒரு தடவை அந்த நிகழ்ச்சியின் அரங்கத்தில் உட்கார அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒரு கிழவர் வாயால் மவுத் ஆர்கனும் காலால் மேளமும் வாசித்தாராம். பெனடிக்ட் சார் எழுந்து நின்று தட்டினாராம். "நான் தட்டத் தட்ட அந்த முள்ளு மேல போச்சு சுந்தரம். அந்த நாட்டுல என்னால அசஞ்சது அது ஒண்ணுதான்" என்பார். இதை அவர் சொல்லி நான் கேட்டது பதினோரு தடவை.

திரும்பி வந்து இங்கே போட்டியைத் தொடங்கியபோது அவர் ஒன்றை மட்டும் மாற்றினார். தபாலை எடுத்துவிட்டு முள்ளையே நீதிபதியாக்கினார். "பொகவந்தலாவையில போட்ட அட்டை கொழும்புக்கு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? முள்ள நம்பு."

முள் என்பது ஒன்பதடிப் பலகையில் வரைந்த அரைவட்டம். பூச்சியத்திலிருந்து நூறு வரை. பலகைக்குப் பின்னால் ஒரு சைக்கிள் சக்கரம். அதற்குப் பின்னால் நான். சனங்களின் தலைக்கு மேலே இரண்டு மைக் தொங்கும். அதன் சத்தத்தை என் முன்னால் உள்ள சிறிய மீட்டர் காட்டும். அது காட்டுவதை அப்படியே சக்கரத்தால் பெரிய முள்ளுக்கு மாற்ற வேண்டும். பழகுவதற்கு ஆறு மாதம் ஆனது. லண்டனிலிருந்து அவர் கொண்டுவந்த வீடியோ கசெட்டுகளிலிருந்து பிரித்தானியக் கைதட்டலை மட்டும் வெட்டி ஒட்டி, வெறும் ஸ்டூடியோவில் போட்டு, சுற்றச் சொன்னார். அந்த நாட்டுக் கைதட்டல் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடியும். நம்முடையது பின்வரிசையில் தொடங்கி முன்னால் வரும். முடிந்த பிறகும் ஒரு ஆள் தட்டிக்கொண்டிருப்பார். மலையகப் பெண்களின் உள்ளங்கை தடித்தது. சத்தம் கீழ்க்குரலில் விழும். விசில் கணக்கில் சேராது.

பெனடிக்ட் சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு நிறுத்துக் கடிகாரம், முன்னால் மேசையில் பித்தளை மணி, சட்டைப் பையில் பெப்பர்மிண்ட். போட்டியாளர் மேடையில் முதல் காலை வைத்ததும் கடிகாரத்தை அமுக்குவார். மூன்று நிமிடத்தில் மணி. அமைச்சரின் மருமகனுக்கும் மூன்று நிமிடம்தான். பாடகர் கடைசி வரியில் இருந்தாலும் மணிதான். மணி அடித்த பிறகு மேடையைப் பார்க்கமாட்டார். ஒரு பெப்பர்மிண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். எனக்கு அவர் சொன்னது ஒன்றுதான்: "மீட்டர் சொல்லாத ஒரு நம்பர உன் கை சொல்லக் கூடாது." பதினெட்டு வருடம் என் கை சொல்லவில்லை.

இனி அந்த நாள்.

பொகவந்தலாவையிலிருந்து தங்கவேல் என்று ஒருவர் வந்திருந்தார். கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டம் தட்டுகிறவர். வயது முப்பத்தொன்று. அவருடைய தோட்டத்தில் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவது அவர்தான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மாசி மாதத்தில் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். சிவன் கண் திறந்து காமனை எரித்துவிடுவார். ரதி ஒப்பாரி வைப்பாள். மூன்றாம் நாள் காமனைப் பாட்டால் எழுப்புவார்கள். இடைப்பட்ட நாளில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ரேடியோகூட அடங்கித்தான் பாடும். எங்களுக்கு அது நாடகம் இல்லை.

மாசி அல்லாத மாதத்தில் ரதி அழக்கூடாது. தங்கவேல் அவருடைய கூத்து வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். "அழுதா அந்த எடத்திலேயே எழுப்பிப்புடணும். அழுகையக் கேட்ட காது ஒவ்வொண்ணும் எழுப்புறதையும் கேக்கணும். இல்லாட்டி எழவு, வேஷம் கட்டுனவன் வீட்டுக்கு வந்துரும்" என்று வாத்தியார் சொல்லி அனுப்பியிருக்கிறார். முதல்நாள் ஒத்திகையில் தங்கவேல் இதைச் சாரிடம் சொன்னார்.

"பாடிக் காட்டு பிள்ளை."

சாரமும் சட்டையுமாக நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மெல்லிய குரலில் பாடினார். ஒப்பாரியும் எழுப்பும் பாட்டும் சேர்த்து இரண்டு நிமிடம் நாற்பது செக்கன்.

"இருபது செக்கன் மிச்சம். தாராளமா முடியும்" என்றார் பெனடிக்ட் சார்.

தங்கவேலின் மனைவி செல்வியும் வந்திருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. இருவரும் நிம்மதியாகச் சிரித்தார்கள்.

பிழை அங்கேதான் நடந்தது. யாருடைய பிழை என்று எனக்கு இன்றும் பிரிக்கத் தெரியவில்லை. வேஷம் கட்டிய ரதி, வாய் திறப்பதற்கு முன்னால் அந்த இடத்தை மூன்று சுற்றுச் சுற்றி வர வேண்டும். சுற்றிவிட்டால் கூத்து தொடங்கிவிட்டதாக அர்த்தம். அதனாலேயே தங்கவேல் ஒத்திகையில் சுற்றவில்லை. அது நேரக் கணக்கில் சேரும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. பாட்டுக்குத்தானே மூன்று நிமிடம்? பெனடிக்ட் சாருக்கோ, சுற்று ஒன்று இருப்பது நினைவில் இல்லை. டிக்கோயாவில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். ஆனால் ஐம்பது வருடம் ஆகிவிட்டது.

சனிக்கிழமை, நாலாவது ஆளாக ரதி வந்தாள். சிவப்புச் சேலை, மஞ்சள் பூசிய முகம், இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். முதல் கால் மேடையில் பட்டதும் கடிகாரம் அமுங்கியது. ரதி சுற்றத் தொடங்கினாள். அவசரமே இல்லை. மூன்று சுற்றுக்கு ஐம்பத்தைந்து செக்கன் ஆனது. நான் பலகையின் இடுக்கால் சாரைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒப்பாரி. பதினெட்டு வருடத்தில் எத்தனையோ குரல் கேட்டிருக்கிறேன். அது குரல் மாதிரி இல்லை. பக்கத்து லயத்தில் உண்மையாகவே யாரோ போய்விட்டது மாதிரி இருந்தது. சனங்கள் கையைக் கூப்பியிருந்தார்கள். இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தோம். மூட்டத்துக்குள் மலைச்சரிவு முழுவதும் அந்த அழுகை போய்க்கொண்டிருந்தது. ரதி நிதானமாக, ஒவ்வொன்றாக வளையல்களை உடைத்தாள். குனிந்து, சாம்பலைத் தொடுவதுபோல் தரையைத் தொட்டு, எழுப்புகிற பாட்டுக்காக மூச்சை இழுத்தாள்.

மணி அடித்தது. நான் மைக்கை மூடினேன்.

யாரும் தட்டவில்லை.

ஆட்டம் நன்றாக இல்லாவிட்டால் கைதட்டல் குறையும். ஆனால் மீட்டர் அடிக்கு வராது. சனம் இருக்கிற மண்டபத்தில் இருமல், நாற்காலிச் சத்தம், மூச்சு எல்லாம் இருக்கும். அன்று காலை ஆள் வருவதற்கு முன்னால், வெறும் மண்டபத்தை நான் அளந்திருந்தேன். கூரையில் மழை மட்டும்: பதினான்கு. அன்றைக்குப் பெரிய முள்ளின் பூச்சியம் அதுதான். இப்போது முந்நூற்றுத் தொண்ணூறு பேர் உள்ளே இருக்கிறார்கள். மழை பெய்துகொண்டிருக்கிறது, ஜன்னல் கண்ணாடியில் வழிவது தெரிகிறது. மீட்டர் பதினான்கிலிருந்து இறங்கியது. பத்து. எட்டு. ஆறில் நின்றது.

வயரைப் பிடுங்கி மாட்டினேன். ஆறு. வேறு மைக்கை எடுத்து இணைத்து, விரலால் தட்டிப் பார்த்தேன். மீட்டர் துள்ளி விழுந்தது. மறுபடி ஆறு. ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெறும் காதால் கேட்டேன். தகரக் கூரையில் மழை விழுவது எனக்குக் கேட்கவில்லை.

பலகைக்குப் பின்னால் மஹ்ரூப் வந்தார். கைதட்ட வைப்பதற்காகவே எங்களோடு வரும் நகைச்சுவைக்காரர், மருதானைக்காரர். வேர்த்திருந்தது.

"என்னப்பா சுந்தரம், எல்லாம் கல்லு மாதிரி உக்காந்திருக்கு? கல்யாண வீட்டு ஜோக்க எடுத்து விட்டேன். ஒரு பல்லும் தெரியல."

"நீங்களே தட்டிப் பாருங்க நானா."

அவர் போய் மேடை ஓரத்தில் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். கை சேர்வதைக் கண்ணால் பார்த்தேன். மீட்டர் அசையவில்லை. தூரம் அதிகம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூரம் முப்பத்திரண்டு அடிதான்.

முன்வரிசையில் ஒரு பெண் அவரைப் பார்த்துச் சொன்னாள்: "எழவு விழுந்த எடத்துல கை தட்டச் சொல்றீங்களே, ஒங்க ஊர்ல அப்பிடித்தானாங்க?"

"அடுத்த ஆளுக்காவது தட்டுங்கம்மா!"

"எந்த ஆளு வந்தா என்ன? அவன எழுப்பட்டும் மொதல்ல."

அடுத்து ஐந்து பேர் வந்தார்கள். ஒருவர் தொப்பிக்குள்ளிருந்து புறா எடுத்தார். தலவாக்கலைப் பிள்ளைகள் காவடி ஆடினார்கள். ஒவ்வொரு தடவையும் மணி, பெப்பர்மிண்ட், அப்புறம் அந்த ஆறு. பெரிய முள் பூச்சியத்தில் படுத்திருந்தது. காவடிப் பிள்ளைகளில் ஒருத்தி அழுதுகொண்டே இறங்கினாள். முன்வரிசையில் செல்வியைச் சுற்றிப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் ஒரு கவ்வாத்துக் கத்தி இருந்தது. இரும்பு இருக்கட்டும் என்று யாரோ வைத்திருக்கிறார்கள். அவள் அதன் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேடை ஓரத்து இருட்டில் வேஷம் கலைக்காமல் நிற்கும் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்குப் பதிவு முடிந்தது. தங்கவேல் ரதியாகவே வந்து சாரின் மேசை முன்னால் நின்றார்.

"சார், ஒரு நிமிசம் குடுங்க சார். படம் புடிக்க வேணாம். பரிசும் வேணாம். எழுப்பிட்டுப் போயிர்றேன்."

"மணி அடிச்சாச்சு பிள்ளை."

"எம் பொஞ்சாதி புள்ளத்தாச்சிங்க."

பெனடிக்ட் சார் பித்தளை மணியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "நானும் டிக்கோயாவுல பொறந்தவன்தான். எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. இன்னைக்கு ஒனக்குக் குடுத்தா, பதினெட்டு வருசமா நான் குடுக்காத அத்தன பேருக்கும் நான் என்ன சொல்றது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சுந்தரம், சாமானக் கட்டு. கைதட்டல கொழும்புல போட்டுக்குவோம்" என்றார். ஐந்து பத்துக்கு அவருடைய கார், மூட்டம் இன்னும் இறுகுவதற்கு முன்னால், இறங்கிப் போய்விட்டது.

சனங்கள் எழுந்திருக்கவில்லை. நாங்கள் விளக்குகளைக் கழற்றினோம். அவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். கடைசி பஸ்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை.

தங்கவேலிடம், "மைக் இல்லாமலே பாடிவிடுங்களேன்" என்றேன்.

"வெளிய கொழாயில கேட்டவங்க இருக்காங்களேய்யா. கீழ லயத்துலயும் கேட்டிருக்கும். அழுகை போன தூரத்துக்கு இதுவும் போகணும்."

ஜெனரேட்டர்காரர் சிறிபால, ஆறு மணியோடு வாடகை முடிகிறது என்றார். "ஒரு மணித்தியாலம் கூடப் போனா யாரு சல்லி குடுக்குறது மாத்தயா?"

"நான்" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கணக்குப் பார்க்காமல் நான் சொன்ன சில சொற்களில் அது ஒன்று.

குழாய் ஸ்பீக்கர்களை மறுபடி இணைத்தேன். மைக்கைத் திறந்தேன். என் சொந்தப் பதிவுக் கருவியையும் ஓட விட்டேன். கமெரா இல்லை, பார்ப்பதற்கு யாரும் இல்லை. ஆனாலும் பலகைக்குப் பின்னால் போய்ச் சக்கரத்தில் கை வைத்து உட்கார்ந்தேன். உட்காராமல் இருக்க முடியவில்லை.

ரதி மூன்று சுற்றுச் சுற்றினாள். எழுப்புகிற பாட்டு ஒரு நிமிடம் ஐந்து செக்கன். கடைசிச் சொல் முடிந்ததும் பெண்கள் குலவை போட்டார்கள். கீழே லயத்திலிருந்தும் குலவை வந்தது. அப்புறம்தான் கைதட்டல். மீட்டர் ஒரே தாவாகப் போனது. நான் சுற்றினேன்; பெரிய முள் நூறைத் தாண்டிப் பலகை ஓரத்து மரக்கட்டையில் போய் முட்டியது. கை கடுத்துப்போகும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் அடங்கியபோது கூரையில் மழை கேட்டது. மீட்டரைப் பார்த்தேன். பதினான்கு.

செல்வி கத்தியைத் திருப்பிக் கொடுத்தாள். தங்கவேல் மஞ்சளைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"அய்யா, அழுகையக் கேட்டவங்க எல்லாரும் இருந்தாங்களா?"

எண்ணினேன். எங்கள் ஆட்கள் பதினொரு பேரும் இருந்தார்கள். சாரின் டிரைவர் அந்த நேரம் தலவாக்கலைக்கு டீசல் அடிக்கப் போயிருந்தார், அழுகையையே கேட்கவில்லை.

"ஒருவர் குறைகிறார்" என்றேன்.

அவருக்கு யார் என்று தெரிந்தது. "புள்ள பொறக்குறதுக்குள்ள அவரு காதுல விழுந்துறணும்யா" என்றார்.

திங்கட்கிழமை பதிவை எடுத்துக்கொண்டு கொழும்பில் சாரிடம் போனேன். வாங்கவில்லை. அனுமதி இல்லாமல் நிலையத்துச் சாமானைப் பயன்படுத்தியதற்கு என் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லி, அந்தக் கடிதத்தையும் அவரே கையில் தந்தார். கோபம் இல்லாமல்தான் தந்தார்.

புதன்கிழமை படத்தொகுப்பு அறையில், வட்டகொடைப் பதிவுக்குக் கைதட்டல் சேர்த்திருந்தார்கள். நான் பழகிய அதே பிரித்தானியக் கைதட்டல். ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிகிறது. புறாக்காரர் கும்பிட்டார். அறை முழுக்கக் கைதட்டல். பெனடிக்ட் சார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கைதட்டல்? போடச் சொன்னேனே."

தொகுப்பாளர் சத்தத்தைக் கூட்டினார். எனக்குக் காதைக் கிழித்தது.

"எப்ப போடுவீங்க?" என்றார் பெனடிக்ட் சார்.

காது வைத்தியரிடம் போனார். எல்லாம் அந்த வயதுக்குச் சரியாகவே இருக்கிறது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். பேசினால் கேட்கிறது, பாட்டுக் கேட்கிறது, பஸ் ஹோர்ன் கேட்கிறது. கைதட்டல் மட்டும் இல்லை. வெள்ளவத்தையில் தனியாக இருந்த வீட்டில், தன் பழைய கசெட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாராம். அந்த மவுத் ஆர்கன் கிழவர் வருகிறார், வாசிக்கிறார், குனிந்து கும்பிடுகிறார். முள் எழும்புகிறது. சத்தம் இல்லை.

ஜனவரி முதல் வாரத்தில் அவரே என்னைக் கூப்பிட்டார். "அதப் போடு" என்றார். ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, எழுப்புகிற பாட்டை ஓடவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மழ பேயுது" என்றார்.

"பாட்டு சார்?"

"மழ மட்டுந்தான் பேயுது சுந்தரம்."

நான் வாங்கிக் கேட்டேன். பாட்டு இருந்தது, குலவை இருந்தது, முள் மரத்தில் முட்டிய சத்தம்கூட இருந்தது.

அவர் ஒரு பெப்பர்மிண்டை எடுத்தார். வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "அந்தப் பிள்ளைய நேர்ல கூட்டிட்டு வா."

பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, வான் பிடித்துத் தங்கவேலை அழைத்துப் போனேன். செல்வியை டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தார். வழி முழுக்க அவர் பேசியது, "அவருக்குக் கேட்டுரும்லய்யா?" என்பது மட்டும்தான். சாரின் குளியலறையில் வேஷம் கட்டிக்கொண்டு வந்தார். பெனடிக்ட் சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கடிகாரம்.

"இந்தத் தடவ சுத்துறத நான் கணக்குல எடுக்கல, பிள்ளை. பாட்டு தொடங்கினாத்தான் அமுக்குவேன்."

ரதி டீப்பாயைச் சுற்றி மூன்று சுற்று வந்தாள். பாடினாள். ஜன்னலுக்கு வெளியே கடல் பக்கத்து ரயில் போனது. அதற்கும் மேலே குரல் கேட்டது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் சாரின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கடிகாரத்தின் மேல் தயாராக இருந்தது. பாட்டு முடிந்தது. விரல் இன்னும் தயாராகவே இருந்தது. கடிகாரம் பூச்சியத்தில் நின்றது.

தங்கவேல் கையைக் கூப்பினார். "கேட்டுச்சுங்களா சார்?"

அது அவருக்குக் கேட்டது. கடிகாரத்தைக் குனிந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. பிறகு, பதினெட்டு வருடத்தில் ஒரு போட்டியாளருக்கும் செய்யாததை அவர் செய்தார். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நின்று, கை தட்டினார். பலமாகத் தட்டினார். தட்டும்போது தன் உள்ளங்கைகளையே, அவை வேறு யாருடையவோ என்பதுபோல், பார்த்துக்கொண்டிருந்தார்.

"அருமையா இருந்துச்சு பிள்ளை. முழுசாக் கேட்டேன்" என்றார்.

தங்கவேல் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அது ரதி அழுகிற அழுகை இல்லை. எழுந்து வேஷத்தைக் களைந்து, வானுக்கு இறங்கிப் போனார்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போது பெனடிக்ட் சார் கூப்பிட்டார். இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"நான் தட்டுனது சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"எத்தனை?"

அங்கே மைக் இல்லை, மீட்டர் இல்லை, சக்கரம் இல்லை.

"நூறு சார்" என்றேன்.

ஏழு நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தவுடன் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டில் எழுந்துவிட்டார்கள் என்று செல்வி சொன்னாள். குழந்தைக்கு இப்போது எட்டு வயது. பெனடிக்ட் சார் 2019 இல் போய்ச் சேர்ந்தார். வயது எழுபத்துநாலு, நெஞ்சுவலி. அதை இதோடு சேர்க்க எனக்கு விருப்பமில்லை. போட்டியும் அந்த வருடம் நின்றது. கடைசிவரை அவர் வீட்டில் அந்தக் கசெட்டுகள் ஓடிக்கொண்டிருந்ததாக எதிர்வீட்டார் சொன்னார்கள். படம் மட்டும் ஓடும். சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பாராம்.

இளையவர்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், எழும்பவில்லை. ஜெனரேட்டர், சம்பளத்தில் பிடித்தது, வான், தங்கவேல் இழந்த மூன்று நாள் பேர், அதாவது தோட்டத்து நாட்கூலி, வழியில் சாப்பாடு என்று அந்தச் சனிக்கிழமை எனக்கு வைத்த செலவு மொத்தம் நாற்பத்து நாலாயிரத்து நூறு ரூபாய்.